அழகுக்கு ஒரு பரிசு, வேலைக்கு ஒரு பரிசு

நாய்களுக்குப் போட்டி என்றதும், மயிரை வாரிவிட்டு, தலையை நிமிர்த்தி, நடுவர் முன்னால் அசையாமல் நிற்கும் நாய்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், நாய்ப் போட்டிகளில் இருவகை உண்டு. நாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது ஒருவகை, அது கண்காட்சி. நாய் என்ன செய்கிறது என்று பார்ப்பது மற்றொரு வகை, அது களப்போட்டி. இரண்டும் இங்கிலாந்தை ஒட்டிய நிலப்பரப்பில், ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. ஒரே மேய்ப்பு நாயை இரண்டும் எடுத்துக்கொண்டன. நூறாண்டு முடிவதற்குள் அது இரண்டு வேறு நாய்களாகப் பிரிந்துவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

இன்றைய முறையிலான முதல் நாய்க் கண்காட்சி 1859 ஜூன் மாதம் வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடைபெற்றது. பாயின்டர், செட்டர் என்னும் இரண்டு வேட்டை நாய் வகைகளுக்கு மட்டுமே அதில் இடம். வந்தவை 60 நாய்கள். வென்றவர்களுக்குக் கிடைத்த பரிசு துப்பாக்கி! வேட்டைக்காரர்களின் பொழுதுபோக்காகத்தான் கண்காட்சி பிறந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பர்மிங்காம் கண்காட்சியில் ஸ்காட்லாந்து மேய்ப்பு நாய்களும் இடம் பெற்றன.

1873 ஏப்ரலில் ஷெர்லி என்பவரின் முயற்சியால் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. நாய்களின் வம்சாவளியைப் பதிவேட்டில் எழுதி வைப்பதும், கண்காட்சிகளுக்கு விதிகள் வகுப்பதும் அதன் பணி. அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் பாலா என்ற சிற்றூரில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. லாயிட் பிரைஸ் என்னும் நிலக்கிழார், எந்த மேய்ப்பரின் நாய் திறமையானது என்று பார்க்க ஒரு போட்டி வைத்தார். மலைச்சரிவில் செம்மறிகளை விட்டு, நாயை அனுப்பி அவற்றை ஓட்டிவரச் செய்யவேண்டும். வேல்ஸ்காரர்கள் தங்கள் நாய்தான் வெல்லும் என்று காத்திருந்தார்கள். ஆனால், அங்கே குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரரான தாம்ஸனின் சிறிய நாய் ட்வீட் பரிசைத் தட்டிச் சென்றது.

உலகின் முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி இதுவன்று. நியூசிலாந்தில் 1860களிலேயே இத்தகைய போட்டிகள் நடந்திருக்கின்றன. ஆயினும் பிரிட்டனில் இதுவே தொடக்கம். 1876இல் லாயிட் பிரைஸ் வேல்ஸ் மலை ஆடுகளை லண்டன் அலெக்சாந்திரா மாளிகைத் திடலுக்கே கொண்டுவந்தார். ஒரு சீழ்க்கைக்கும் ஒரு கையசைவுக்கும் கட்டுப்பட்டு நாய் ஆடுகளைப் பட்டியில் அடைப்பதை நகரத்து மக்கள் வியப்புடன் பார்த்தனர்.

குரைக்காத நாய்

1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் ஒரு குட்டி பிறந்தது. அதன் பெயர் ஹெம்ப். தந்தை ராய், கலகலப்பான நாய். தாய் மெக், கூச்ச சுபாவம் உடையது. ஆனால் பார்வையில் அபார வலிமை. இரண்டின் குணங்களும் குட்டியிடம் பொருந்தி அமைந்தன. அக்கால மேய்ப்பு நாய்கள் பல, குரைத்தும் கடித்தும் ஆடுகளை விரட்டின. ஹெம்ப் குரைக்காது. உடலைத் தாழ்த்தி, ஆடுகளை உற்றுப் பார்த்தபடி மெல்ல நகரும். ஆடுகள் அமைதியாக விலகி நடக்கும். இந்த முறையைக் கண்ட மேய்ப்பர்கள் அதன் குட்டிகளைத் தேடி வந்தனர். 1901இல் இறப்பதற்குள் அது 200க்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாகிவிட்டது. இன்றைய பார்டர் கோலி இனத்தின் மூதாதை என்று ஹெம்ப்பைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

1906இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மேய்ப்பர்கள் கூடிப் பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கத்தை அமைத்தனர். போட்டியின் விதிகளையும் வம்சாவளிப் பதிவையும் அச்சங்கமே கவனித்து வருகிறது.

களத்தில் நடப்பது என்ன?

போட்டிக்குரிய மதிப்பெண் ஒரு நடுவருக்கு 100. அது ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மேய்ப்பர் ஒரு கம்பத்தின் அருகில் நிற்பார். சுமார் 365 மீட்டர் தொலைவில் ஐந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். நாய் நேராக ஓடாமல், பெரிய வளைவாகச் சுற்றி ஆடுகளுக்குப் பின்னால் போய்ச் சேரவேண்டும், இதற்கு 20. ஆடுகள் மிரளாமல் முதல் அடி எடுத்து வைக்கும்படி கிளப்பவேண்டும், இதற்கு 10. நேர்க்கோட்டில் மேய்ப்பரிடம் கொண்டுவர 20. அங்கிருந்து இரண்டு தடுப்புகளின் இடைவெளி வழியே வெளியே ஓட்டிச்செல்ல 30. மந்தையிலிருந்து குறிப்பிட்ட ஆடுகளைப் பிரித்தெடுக்க 10. பட்டியில் அடைக்க 10. எல்லோரும் முழு மதிப்பெண்ணுடன்தான் தொடங்குகிறார்கள். தவறு நேரும்போதெல்லாம் நடுவர் கழித்துக்கொண்டே வருவார்.

இந்த ஆறில் மிக நுட்பமானது ஆடுகளைக் கிளப்பும் அந்தச் சில விநாடிகள்தான். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு விலகல் தூரம் உண்டு என்று சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹெடிகர் விளக்கினார். பகை விலங்கு அந்த எல்லைக்கு வெளியே நின்றால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். எல்லைக்குள் வந்தால் எதிர்த்திசையில் விலகும். மிகவும் நெருங்கினால் சிதறி ஓடும். நல்ல நாய் இந்த எல்லையின் விளிம்பில் நிற்கக் கற்றிருக்கிறது. அது வலப்பக்கம் சற்று நகர்ந்தால் மந்தை இடப்பக்கம் திரும்பும். தொடாமலேயே தள்ளும் விசை என்று இதைச் சொல்லலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. 365 மீட்டர் தொலைவில் உள்ள நாய்க்குச் சீழ்க்கை போய்ச் சேர ஒரு விநாடிக்குச் சற்று மேலாகும். பன்னாட்டு இறுதிப் போட்டியில் இந்தத் தொலைவு ஏறத்தாழ 730 மீட்டர். அங்கே இரண்டு விநாடிக்கும் மேல். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் நாய், கட்டளை காதில் விழுவதற்குள் 20 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்! மேய்ப்பர் கண்ணால் பார்ப்பது உடனுக்குடன். நாய் காதால் கேட்பது தாமதமாக. ஆகவே, நாய் நிற்கவேண்டிய இடத்திற்கு வருமுன்பே மேய்ப்பர் ‘நில்’ என்று ஊதிவிடவேண்டும். எதிர்க்காற்று வீசினால் துன்பம் இன்னும் அதிகம். உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகம் கூடுவதால், காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து நாயின் தலைக்கு மேலே போய்விடும்.

வாய்ச்சொல்லை விட்டுச் சீழ்க்கையை மேய்ப்பர்கள் விரும்புவதற்கும் காரணம் உண்டு. சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சீழ்க்கை ஒலி நாயின் செவிக்கு மிகத் தெளிவாகக் கேட்கும். மேலும், மனிதக் குரலில் கோபமும் பதற்றமும் கலந்துவிடும். சீழ்க்கையில் அவை அவ்வளவாகத் தெரிவதில்லை.

பழக்குவது எப்படி?

குட்டிக்கு ஏறத்தாழ ஒரு வயது ஆகும்வரை முறையான பயிற்சி தருவதில்லை. ஆட்டை முந்தி ஓடும் கால்வலிமை வரவேண்டும்; கண்டிப்பைத் தாங்கும் மனவலிமையும் வரவேண்டும். அதற்கு முன் இரண்டே பாடங்கள்: கூப்பிட்டால் வருவது, படு என்றால் படுப்பது. பிறகு பழக்கப்பட்ட சில ஆடுகளுடன் சிறிய வயலில் விடுவார்கள். மேய்ப்பர் ஒரு பக்கம் நகர்ந்தால், ஆடுகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்க இளநாய் தானாகவே முயலும். இதைச் சமநிலை என்கிறார்கள். இது கற்பித்து வருவதன்று; பிறவியிலேயே உள்ளது. நாய் கடிகாரச் சுற்றில் ஓடும்போது மேய்ப்பர் ‘கம் பை’ என்பார். எதிர்ச்சுற்றில் ஓடும்போது ‘அவே’ என்பார். செய்துகொண்டிருக்கும் செயலுக்குப் பெயர் வைப்பதுதான் பயிற்சியின் முதற்படி.

இதற்குப் பரிசாக இறைச்சித் துண்டு எதுவும் கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆடுகளை நோக்கி மீண்டும் போக விடுவதே நாய்க்குப் பரிசு. ஓநாயின் வேட்டை, உற்று நோக்குதல், பதுங்கிச் செல்லுதல், துரத்துதல், கடித்தல், கொல்லுதல் என்று தொடர்ந்து செல்லும். மேய்ப்பு நாயிடம் முதல் மூன்றும் ஓங்கியிருக்கின்றன. கடைசி இரண்டும் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் ஒடுங்கிவிட்டன. வேட்டையின் முற்பாதியைத்தான் நாம் மேய்ப்பு என்கிறோம்.

நாயின் மூளையில் ஓடும் கணக்கு என்ன? 2014இல் ஸ்ட்ரோம்பாம், கிங் முதலிய ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை தந்தனர். 46 ஆடுகளுக்கும் ஒரு நாய்க்கும் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவியைப் பொருத்தி அவற்றின் அசைவுகளைப் பதிவு செய்தனர். இரண்டே விதிகள் போதும் என்று அவர்களுடைய கணினி மாதிரி காட்டிற்று. மந்தை சிதறியிருந்தால் பக்கங்களில் சென்று சேர்த்துக் கட்டு. சேர்ந்திருந்தால் பின்னால் நின்று ஓட்டு. ஆபத்தில் ஒவ்வோர் ஆடும் மற்ற ஆடுகளின் நடுவே புகுந்துகொள்ளவே முயலும். ஆகவே, இந்த எளிய விதிகள் வெற்றி பெறுகின்றன.

கண்காட்சி வளையத்தில் நேர்ந்தது

இப்போது கதையின் மறுபாதிக்கு வருவோம். விக்டோரியா அரசியார் ஸ்காட்லாந்தின் மேய்ப்பு நாய்களை விரும்பி வளர்த்தார். அதன்பின் செல்வர் வீடுகளில் கோலி நாய்க்கு மதிப்பு உயர்ந்தது. கண்காட்சியில் நடுவர் காண்பது மயிரின் அடர்த்தி, தலையின் நீளம், நடையின் அழகு. எனவே, வெல்ல விரும்பியவர்கள் அவற்றுக்காகவே இணை சேர்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை தலை ஒடுங்கி நீண்டது. மயிர் அடர்ந்து தொங்கிற்று. 1943இல் வெளிவந்த ‘லாஸி கம் ஹோம்’ திரைப்படத்தில் நாம் கண்ட அழகிய நாய் இந்த வழியில் வந்ததே. ஆனால் மலையில் ஆடு திரட்டும் ஆற்றலை யாரும் சோதிக்காததால், அது படிப்படியாகத் தேய்ந்தது. கோலிக் கண் குறைபாடு எனப்படும் பரம்பரை நோயும் இவ்வினத்தில் மிகப் பரவலாக அமைந்துவிட்டது.

தட்டை முகம் விரும்பப்பட்ட புல்டாக் போன்ற இனங்களில் நிலைமை இதைவிட மோசம். மூச்சு விடுவதே சில நாய்களுக்குப் போராட்டம். 2008இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஒரு படம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1891இல் தொடங்கிய புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்ப அந்நிறுவனம் 2009இல் மறுத்தது. கென்னல் கிளப்பும் இன வரையறைகளைத் திருத்தியது. 2012இல் கிரஃப்ட்ஸில் பரிசு பெற்ற சில நாய்கள், மருத்துவச் சோதனையில் தேறாததால் மேற்கொண்டு போட்டியிட அனுமதிக்கப்படவில்லை.

அப்படியானால் களப்போட்டி குற்றமற்றதா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. 1965இல் பன்னாட்டுப் பட்டம் வென்ற விஸ்டன் கேப் என்ற நாயின் குட்டிகளை எல்லோரும் நாடினர். இன்றைய பார்டர் கோலிகளில் மிகப் பலவற்றின் வம்சாவளியில் அதன் பெயர் காணப்படுகிறது. ஒரே நாயின் இரத்தம் இவ்வளவு பரவினால், அதனிடம் மறைந்துள்ள குறைகளும் பரவ வாய்ப்புண்டு. வெற்றி எந்த வகையாயினும், ஒரே தந்தையை நாடும் ஆசை ஆபத்தானதே.

1976இல் பிரிட்டனின் கென்னல் கிளப் பார்டர் கோலியைக் கண்காட்சிக்கு ஏற்றபோது, மேய்ப்பர்கள் அஞ்சினார்கள். கோலிக்கு நேர்ந்தது இதற்கும் நேருமோ என்பது அவர்கள் கவலை. அதனால் ஒரு விதி வைக்கப்பட்டது. அழகில் மட்டும் வென்ற நாய் ‘கண்காட்சி வீரன்’. மேய்ப்புச் சோதனையிலும் தேறினால்தான் முழு ‘வீரன்’ பட்டம். அமெரிக்காவில் 1995இல் இதே இனம் கண்காட்சிக்கு ஏற்கப்பட்டபோதும் மேய்ப்பு நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தனர்.

இவ்வரலாறு நாய்களுக்கு மட்டும் உரியதன்று. எதை அளக்கிறோமோ, அது வளர்கிறது. அளக்காமல் விட்டது தேய்கிறது. அளவுகோல் வெறும் பார்வையாளனாக இருப்பதில்லை. அளக்கப்படும் பொருளையே அது மாற்றிவிடுகிறது. நியூகாசிலில் நாயின் உருவத்தையும், பாலாவில் நாயின் செயலையும் அளந்தார்கள். விளைவு நம் கண்முன் இரண்டு நாய்களாக நிற்கிறது. எந்தப் போட்டிக்கு விதி எழுதும்போதும், எந்தத் தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கும்போதும், இந்த இரண்டு நாய்களை நினைத்துக்கொள்வது நல்லது.