வரியில்லா நாடும் குடும்ப வரியும்

திண்டிவனம், மயிலம், செஞ்சி வட்டாரங்களில் வளைகுடா வேலை என்பது பழகிப்போன செய்தி. கணவர் மட்டும் செல்வார்; மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். இந்த வழக்கம் இப்போது சிறிது சிறிதாக மாறுகிறது. கணக்காளர், மருத்துவமனைப் பணியாளர், பொறியாளர் எனப் படித்தவர்கள் செல்லத் தொடங்கிய பிறகு, குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்லும் விருப்பம் இயல்பாகவே எழுந்திருக்கிறது.

அத்தகைய விருப்பத்தோடு என் முன்னாள் மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். ஒலக்கூர் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். சென்னையில் கணக்காளர். ரியாத் நகரில் மாதம் 5,000 ரியால் சம்பளத்தில் வேலை கிடைத்திருந்தது. மனைவி, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன் ஆகியோரையும் அழைத்துச் செல்ல எண்ணியிருந்தார். "அங்கே வருமான வரியே கிடையாது, ஐயா. வாங்குவதெல்லாம் கைக்கு வரும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. சம்பளத்தின் மீது சௌதி அரேபியா வரி விதிப்பதில்லை. ஆனால் 2017 ஜூலை முதல், வெளிநாட்டுப் பணியாளருடன் வசிக்கும் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கிறது. ஆண்டுதோறும் 100 ரியால் வீதம் உயர்ந்து, 2020 ஜூலையில் அது 400 ரியால் ஆயிற்று. 'இகாமா' எனப்படும் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போதே இதை முன்கூட்டிச் செலுத்திவிட வேண்டும். இந்தக் கட்டணம் வந்த பிறகு, பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. வேலையில் இருந்தவர்கள் மீண்டும் தனியறைகளுக்கு மாறினார்கள்.

என் மாணவரின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். மனைவி, இரு பிள்ளைகள் என மூவருக்கு மாதம் 1,200 ரியால்; ஆண்டுக்கு 14,400 ரியால். ஆண்டுச் சம்பளம் 60,000 ரியால். ஆக, வருமானத்தில் 24 விழுக்காடு! ஒரு ரியாலை 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டணம் 3,31,200 ரூபாய். அதே சம்பளத்தை, அதாவது 13.8 லட்சம் ரூபாயை, அவர் சென்னையிலேயே பெற்றிருந்தால் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி செலுத்த வேண்டிய வருமான வரி ஏறத்தாழ 79 ஆயிரம் ரூபாய்தான். வரியில்லா நாட்டில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

பொருளாதாரத்தில் இதற்குத் தலைவரி என்று பெயர். வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், தலையை எண்ணி வசூலிப்பது. 50,000 ரியால் வாங்கும் மேலாளருக்கும் 5,000 வாங்கும் கணக்காளருக்கும் ஒரே 400. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் அரசு 1989-இல் ஸ்காட்லாந்திலும் மறு ஆண்டு இங்கிலாந்திலும் இத்தகைய வரியைக் கொண்டுவந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர் பதவி விலக நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குடியுரிமையும் வாக்குரிமையும் இல்லாத வெளிநாட்டுப் பணியாளருக்கு அத்தகைய வழி ஏதுமில்லை. கட்ட வேண்டும் அல்லது குடும்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதற்கு மேல் மதிப்புக் கூட்டு வரி. சௌதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2018 ஜனவரி 1 அன்று 5 விழுக்காட்டில் அதைத் தொடங்கின. அமீரகம் அங்கேயே நிற்க, சௌதி 2020 ஜூலையில் 15 விழுக்காடாக உயர்த்தியது. தனியாளாக இருப்பவர் சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். செலவழிப்பது குறைவு, ஆகவே இந்த வரியும் குறைவு. குடும்பத்தோடு இருப்பவர் சம்பளத்தை அங்கேயே செலவழிக்கிறார். துபாயில் தலைவரி இல்லை என்று மகிழ்வோர், ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வீட்டுவசதிக் கட்டணமாகக் குடிநீர், மின்சாரப் பட்டியலோடு சேர்ந்து வருவதைக் குடியேறிய பின்னரே அறிகிறார்கள். குடும்பத்தை அழைத்துவரக் குறைந்தபட்சச் சம்பள வரம்பும் நாட்டுக்கு நாடு உண்டு. அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்துடன் 3,000. சிங்கப்பூரில் 6,000 வெள்ளி.

இனி, நம் நாட்டு வரி. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் 'உள்நாட்டில் வசிப்பவர்' ஆகிவிடுகிறார். அவருடைய உலக வருமானம் முழுவதும் இங்கே வரிக்கு உட்பட்டது. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28 அன்று 181 நாள்கள் நிறைவடைகின்றன. அதற்குள் விமானம் ஏறி, மார்ச் முடியும்வரை விடுப்பில் வராமலும் இருந்தால், அந்த ஆண்டு அவர் 'உள்நாட்டில் வசிக்காதவர்'. என் மாணவருக்குப் பணியேற்பு நாள் அக்டோபர் நடுவில் குறிக்கப்பட்டிருந்தது. அப்படிச் சென்றால், மார்ச் வரை ரியாத்தில் பெறும் சம்பளமும் சென்னைச் சம்பளத்தோடு கூட்டி இங்கே வரி விதிக்கப்படும். சௌதியுடன் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறதே என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அங்கே வரியே செலுத்தாதவருக்கு இங்கே கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நாள் கணக்கு மாறவில்லை.

2020 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை வளைகுடாத் தமிழரிடையே ஒரு பதற்றத்தை உண்டாக்கியது நினைவிருக்கலாம். வேறெந்த நாட்டிலும் வரி செலுத்தாத இந்தியக் குடிமகன் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார் என்றது அந்த முன்மொழிவு. உண்மையாக உழைத்துச் சம்பாதிப்போரின் வளைகுடாச் சம்பளத்தைத் தொடுவது நோக்கமன்று என்று மறுநாளே விளக்கம் வந்தது. இறுதியில், வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களோடு அது நின்றுவிட்டது. நம் பகுதியிலிருந்து செல்வோரில் அந்த அளவு உள்ளவர்கள் மிகச் சிலரே.

வங்கியிலும் சில வேலைகள் உண்டு. இங்கே உள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு 'என்.ஆர்.இ.' கணக்கு, அதன் வட்டிக்கு வரி இல்லை. சம்பளத்தை முதலில் அங்குள்ள வங்கிக் கணக்கில் பெற்று, பிறகு ஊருக்கு அனுப்புவதே பாதுகாப்பானது. நேரே இந்தியக் கணக்கில் வந்து விழும் சம்பளம், இந்தியாவில் பெற்ற வருமானம் என்ற வாதத்துக்கு இடம் தரும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுப் பணத்தின் முதல் கனவு நம் ஊரில் நிலம்தான். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வேளாண் நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகள் இடமளிப்பதில்லை. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். வேளாண் நிலத்தை மரபுரிமையாகப் பெறலாம். ஆகவே பலரும் தந்தை பெயரில் கிரயம் செய்கிறார்கள். தந்தை உயில் எழுதாமல் மறைந்தால், அந்த நிலம் உடன்பிறந்தோர் அனைவருக்கும் பொது. பாலைவனத்தில் பத்தாண்டு உழைத்தவர் ஊர் திரும்பிப் பங்காளி வழக்கில் நிற்பதை எங்கள் பகுதியில் கண்டிருக்கிறேன்.

எந்த வரி ஆலோசகரும் சொல்லாத ஓர் இழப்பு பிள்ளைகளின் படிப்பில் இருக்கிறது. என் மாணவரின் மகள் அரசுப் பள்ளியில் படிப்பவள். தமிழ்நாட்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே வகுப்புகள்தான் கணக்கு. ஏழாம் வகுப்பில் அவளை ரியாத்தில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற்றினால், பிறகு திரும்பி வந்தாலும் இந்த வாய்ப்பு திரும்பாது. பள்ளிக் கட்டணமாவது பட்டியலில் வரும். இந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் வராது. மூன்றாம் வகுப்பு மகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அவனுக்கு ஆறாம் வகுப்பு தொடங்கும்வரை காலம் இருக்கிறது.

ஓய்வுக்காலச் சேமிப்பும் சிந்திக்கத்தக்கது. அங்கே அவருக்கு வருங்கால வைப்பு நிதியோ ஓய்வூதியமோ இல்லை. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் எனப் பணிக்கொடை மட்டும் உண்டு. சென்னையில் மாதந்தோறும் வைப்பு நிதியில் சேர்ந்துகொண்டிருந்ததை இனி அவரே ஒதுக்கியாக வேண்டும்.

இவ்வளவையும் கழித்த பின்னும் தனியாகச் சென்றால் மிச்சம் நன்றாகவே இருந்தது. குடும்பத்தோடு சென்றால் வாடகை, பள்ளிக் கட்டணம், தலைவரி போக மிஞ்சுவது சென்னையில் மிஞ்சியதைவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறு தொகைக்காகப் போகத்தான் வேண்டுமா என்று நான் கேட்டேன். பிரிவுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொன்னேன். மகள் வளரும் ஆண்டுகளைத் தந்தை அலைபேசித் திரையில் பார்க்க வேண்டியிருக்கும்.

அதுவரை பேசாதிருந்த அவர் மனைவி, "மாமாவை மாதாமாதம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள், ஐயா? அதை நீங்கள் இரண்டு பேரும் எழுதவே இல்லையே" என்றார். உண்மைதான். நாங்கள் எழுதிய தாளில் அதற்கு இடமே இல்லை.

நிறுவனத்திடம் பேசிப் பணியேற்பு நாளை அவர் முன்னதாக மாற்றிக்கொண்டார். செப்டம்பர் 20 விமானத்துக்கு ஒரு பயணச்சீட்டு மட்டும் எடுத்திருப்பதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார். குடும்பத்தை அழைத்துக்கொள்வது பற்றி ஓராண்டு கழித்து, புதிய சம்பளக் கணக்கோடு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.