சுவிட்ச் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருடத்துக்கும் மேல் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்தபோது புதுக் கட்டடம் கட்டினார்கள். கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில். ஒருநாள் ஒன்றாம் வகுப்புப் பையன் பாதி வழியிலேயே டவுசரை நனைத்துவிட்டு, வகுப்புக்குத் திரும்ப வெட்கப்பட்டு வேப்பமரத்தடியில் நின்று அழுதான். கட்டும்போது எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை.

கேட்டுக் கட்டிய பள்ளி ஒன்று உண்டு. அமெரிக்காவில் சிகாகோவுக்கு வடக்கே வின்னெட்கா என்ற ஊரில், 1940-இல் திறந்த குரோ ஐலண்ட் தொடக்கப் பள்ளி.

அந்த ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் கார்ல்டன் வாஷ்பர்ன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கட்டும் என்று 1919 முதல் பாடமுறையையே மாற்றியவர். அந்த முறைக்கு ஏற்ற கட்டடம் வேண்டும் என்று நினைத்தார். பின்லாந்திலிருந்து வந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எலியல் சாரினென், அவர் மகன் ஈரோ, இவர்களோடு பெர்கின்ஸ், வீலர், வில் என்ற இளைஞர்களின் நிறுவனம் சேர்ந்தது. லாரன்ஸ் பெர்கின்ஸ் முதலில் செய்த வேலை, வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்ததுதான். ஃபிரான்சஸ் பிரெஸ்லர் என்ற ஆசிரியை, கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று கலைஞர்களுக்கு நீண்ட கடிதமே எழுதினார். பிள்ளைகள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் அழகுப் பொருளாக வேண்டாம், புழங்கும் இடமாக இருக்கட்டும் என்பது அதன் சாரம்.

விளைவைப் பாருங்கள். வழக்கமான 12 அடி உயரக் கூரை 9 அடியாக இறங்கியது. விளக்கு சுவிட்ச் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க இருக்கை. அரங்கத்தில் முன்வரிசை நாற்காலிகள் சின்னவை, பின்னால் போகப்போகப் பெரியவை. ‘எல்’ வடிவ வகுப்பறை ஒவ்வொன்றுக்கும் வெளியே போகத் தனிக் கதவு, தனி முற்றம்.

ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளேயும் ஒரு கழிப்பறை! இதைப் படித்தபோது எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வந்தது.

1990-இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ஆனாலும் அது காட்சிப்பொருள் ஆகிவிடவில்லை. பிள்ளைகள் படிக்கும் பள்ளியாகவே இருக்கிறது.

அவ்வளவு பணம் நம்மிடம் ஏது என்பீர்கள். சுவிட்சையும் தண்ணீர்க் குழாயையும் இரண்டடி கீழே வைக்கப் பெரிய செலவில்லை. கேட்கத்தான் ஆள் வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் புதுக் கட்டடம் வருகிறதா? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, “ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கேட்டீர்களா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.