காவல் படிவத்தில் ஒரு தொடர்

நியூயார்க் மாநகர மேயராக 2002 முதல் 2013 வரை விளங்கிய மைக்கேல் புளூம்பெர்க், வழிச்செல்வோரை நிறுத்திச் சோதிக்கும் காவல் முறையைப் பதவியிலும் அதன் பின்னரும் ஆதரித்தார். 2011இல் மட்டும் அத்தகைய நிறுத்தங்கள் ஏறத்தாழ 6,85,000. நிறுத்தப்பட்டோருள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். காவலர் படிவத்தில் மிகுதியாகக் குறியிடப்பட்ட காரணம் 'கள்ள அசைவுகள்' என்பது. இதனை 'ஐயந்தரும் அசைவுகள்' எனப் பெயர்த்தல் பொருந்தாது. ஐயம் காண்போருடையது, மூலத்தொடரோ கள்ளத்தை நடப்போர்மேல் ஏற்றுகிறது. 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம், அம்முறை செயற்படுத்தப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. புளூம்பெர்க் அதனை ஏற்கவில்லை. 2019 நவம்பரில், அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவிப்பதற்கு ஒரு வாரம் முன்னர்தான், புரூக்ளின் தேவாலயமொன்றில் மன்னிப்புக் கோரினார். காலந்தாழ்ந்த அக்கூற்றை ஐயுற்றோர் பலர். 2020 பிப்ரவரி விவாத மேடையிலும் அது கேள்விக்குள்ளாயிற்று. மார்ச் 4இல் போட்டியிலிருந்து விலகினார்.