அணுகுண்டு வாகனத்தில் செயற்கைக்கோள்கள்

ஏவுகணைக்கும் விண்வெளி இராக்கெட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1957 அக்டோபர் 4ஆம் நாள் முதல் ஸ்புட்னிக்கைத் தூக்கிச் சென்றதே ஆர்-7 என்ற சோவியத் ஏவுகணையின் ஒரு வகைதான். ஆனால் இங்கே நாம் பார்க்கப்போவது, பல்லாண்டுகள் நிலத்தடியில் காவலிருந்து, போரில் ஒருமுறையும் ஏவப்படாமலே ஓய்வு பெற்ற ஏவுகணைகளை. அமெரிக்கர்கள் டைட்டன்-2 ஏவுகணைகளில் 13ஐ 1988 முதல் 2003 வரை இப்படிப் பயன்படுத்தினர். எனினும் இத்துறையில் மிகவும் வியப்பூட்டுவது சோவியத் நாட்டின் ஆர்-36எம் வகைதான்.

மேலை நாடுகள் இதற்கு இட்ட பெயர் ‘சாத்தான்’! 34 மீட்டர் உயரம். எடை 210 டன்னுக்கு மேல். 10 அணுகுண்டுகள் வரை சுமக்கக்கூடியது. 1991 ஜூலை 31இல் கையெழுத்தான ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தின்படி, இத்தகைய 308 கனரக ஏவுகணைகள் 154 ஆகக் குறைய வேண்டியிருந்தது. உடைத்தெறியச் செலவாகும். விண்ணில் ஏவித் தீர்த்தாலோ கணக்கும் குறையும், வருமானமும் வரும். இப்படிப் பிறந்ததே ‘தினேப்பர்’ இராக்கெட்டு. 1999 ஏப்ரல் 21இல் பைக்கனூரிலிருந்து கிளம்பிய முதல் தினேப்பர், பிரிட்டனின் யூஓசாட்-12 செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது.

அது கிளம்பும் விதத்தைப் பாருங்கள். தீபாவளி வாணம் பற்றவைத்த இடத்திலேயே சீறும். தினேப்பர் அப்படியல்ல. ஆழ்குழிக்குள் வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, பீரங்கிக் குண்டைப்போல் அதை வெளியே தள்ளும். தரைக்கு மேல் சுமார் 20 மீட்டர் உயர்ந்த பிறகே எஞ்சின் எரியத் தொடங்கும். ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டதுமே தீப்பற்றும். கொளுத்த நெருப்பு வேண்டாம். திரவ ஆக்சிஜனைப்போல் ஆவியாகிப் போகாமல் ஆண்டுக்கணக்கில் தொட்டியிலேயே கிடக்கும். எந்நேரமும் போருக்குத் தயாராக இருக்கச் செய்த ஏற்பாடு இது.

இதைவிடச் சுவையானது மூன்றாம் அடுக்கு. 10 குண்டுகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு ஊர்களின்மேல் குறிவைத்து விடுவிப்பதற்கென்றே அமைத்த பகுதி அது. ஊர்களை அழிக்கக் கற்ற அந்தத் திறமையே பல செயற்கைக்கோள்களை ஒரே பயணத்தில் விடுவிக்கக் கைகொடுத்தது. முதலிரண்டு அடுக்குகள் கழன்றதும் இது திரும்பிக்கொண்டு, சுமையைப் பின்னால் இழுத்தபடி பறக்கும். எஞ்சின் புகை செயற்கைக்கோள்களின்மேல் படாதிருக்க இடையில் ஒரு தடுப்பு உண்டு. 2014 ஜூன் 19இல் ஒரே தினேப்பர் 30க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களைக் கொண்டு சென்றது!

சிறு நாடுகளும் பல்கலைக்கழகங்களும் குறைந்த கட்டணத்தை நாடி வந்தன. ஆனால் அந்த எரிபொருளும் அதனுடன் கலக்கும் திரவமும் கொடிய நஞ்சு. 2006 ஜூலை 26இல் ஏவப்பட்ட தினேப்பரின் எஞ்சின் 74ஆம் விநாடியில் நின்றுபோயிற்று. பெலாரஸ் நாட்டின் முதல் செயற்கைக்கோளும், மாணவர்கள் உருவாக்கிய சிறு கோள்களும் உட்பட 18 கோள்கள் அழிந்தன. மிச்சமிருந்த எரிபொருள் கசகஸ்தான் மண்ணில் கொட்டியது. ருஷ்யா இழப்பீடு தர வேண்டியதாயிற்று. மலிவு என்று பேசும்போது இந்த நஞ்சைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது.

இந்த ஏவுகணையை வடிவமைத்ததும் கட்டியதும் இன்றைய உக்ரேனில், தினேப்பர் ஆற்றங்கரையில். இராக்கெட்டின் பெயரும் அந்த ஆற்றின் பெயரே. சோவியத் யூனியன் கலைந்த பின் ஏவுகணைகள் ருஷ்யாவிடமும், அவற்றைப் பராமரிக்கும் நுட்பம் உக்ரேனிடமும் நின்றன. இருவரும் சேர்ந்தால்தான் ஏவ முடியும். 2014இல் கிரிமியாவை ருஷ்யா இணைத்துக்கொண்ட பின்னர் அந்தக் கூட்டு முறிந்தது. 2015 மார்ச் 25இல் தென் கொரியச் செயற்கைக்கோள் ஒன்றுடன் கடைசித் தினேப்பர் கிளம்பியது. மொத்தம் 22 பயணங்கள். அவற்றில் தோற்றது 2006இல் விழுந்த அந்த ஒன்றுதான்.