பரதேசி

காரைக்குடியை அடுத்த கோவிலூரில், 19-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க ஞானதேசிகரால் ஸ்தாபிக்கப்பட்டுத் தமிழிலேயே வேதாந்த பாடம் சொல்லி வந்த மடத்தின் தலைவருக்குத் தேசிகர் என்ற பட்டமும், அத்தகைய மடங்களின் வாசலில் அன்னம் நாடி வந்து நிற்கும் காவியுடைக்காரருக்குப் பரதேசி என்ற பெயரும் வழங்கக் கேட்பவர், இரண்டும் தேசம் என்ற ஒரே வடசொல்லின் வழிவந்தவை என்பதைச் சட்டென்று உணர்வதில்லை.

பரதேசி என்பதன் நேர்ப்பொருள் பிற தேசத்தான் என்பதே. அதில் இழிவு யாதுமில்லை. ஐந்நூற்றுவர் என்னும் இடைக்கால வணிகக் கணத்தாரின் சாசனங்களில் சுதேசி, பரதேசி, நானாதேசி என்பன வியாபாரிகளைக் குறிக்கும் கௌரவச் சொற்களாகவே பயில்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பகான் நகரில் இருந்த விஷ்ணு ஆலயத்துக்கு நானாதேசி விண்ணகர் என்றே பெயர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூத ஆலயமோ, கடல் கடந்து வந்த யூதர்களுக்குரியதாகையால், இன்றும் பரதேசி என்ற அடைமொழியோடு விளங்குகிறது.

வெளியூரிலிருந்து வந்த யாத்திரிகன், பிறகு துறவி, பிறகு பிச்சைக்காரன் என்று படிப்படியாக இறங்கிய இச்சொல், கடைசியில் வசையாகவே (அதுவும் பெற்ற பிள்ளையைத் திட்டும் வசையாக!) ஆகிவிட்டது.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் (வட்டித்தொழில் நடத்தப்) போன செட்டிநாட்டு நகரத்தார் அந்நாடுகளில் நேர்ப்பொருளில் பரதேசிகளே. ஆயினும் லேவாதேவிக்காரரை அப்பெயரிட்டு அழைக்க யாருக்கு மனம் வரும்? பொருளுள்ள அந்நியனை விட்டுவிட்டு, பொருளற்ற அந்நியனையே தமிழ் வழக்கு பரதேசியாக்கிற்று.