முன்னுரைக்கு ஒரு கணக்கு, நூலுக்கு ஒரு கணக்கு

ஓலைச்சுவடியில் ஏட்டுக்கு ஓர் எண்தான் உண்டு. முன்புறத்தின் இடது ஓரத்தில் எழுத்தாணியால் கீறிய அந்த எண் ஏட்டின் இரு புறத்துக்கும் பொது. தமிழ்ச் சுவடிகளில் இருபத்தைந்தாம் ஏட்டில் ‘௨௰௫’ என்றும், நூற்று இருபத்தைந்தாம் ஏட்டில் ‘௱௨௰௫’ என்றும் எண் இருக்கும். துளையில் கோத்த கயிறு அறுந்து ஏடுகள் கலைந்துபோனால் மீண்டும் வரிசைப்படுத்த அதுதான் துணை. ஆனால் ஏட்டில் முதலில் ஒடிவதும் ஓரம்தான். ஏடுகளின் ஓரம் உதிர்வதைப் பற்றிச் சி. வை. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரையில் வருந்தி எழுதியிருக்கிறார். ஓரம் உதிரும்போது வரிசையும் சேர்ந்தே உதிர்ந்தது.

ஏட்டெண் அந்த ஒரு கட்டுக்கு மட்டுமே செல்லும். அதே நூலை வேறொருவர் வேறு அளவு ஓலையில் படியெடுத்தால் எண்கள் மாறிவிடும். அதனால் மேற்கோள் காட்ட ஏட்டெண் பயன்படாது. பாட்டின் எண்தான் பயன்படும். குறளை இன்றும் குறள் எண்ணால் சுட்டுகிறோம், எந்தப் பதிப்பின் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த இடம் வெற்றிடமாகவே நின்று, போனவை எத்தனை என்பதையாவது காட்டுகிறது.

பக்க எண்ணை எல்லோருக்கும் பொதுவான முகவரி ஆக்கியது அச்சு. ஆயிரம் படிகளிலும் ஒரே சொல் ஒரே இடத்தில் நிற்பது அச்சில்தான் முடிந்தது. ஆனாலும் இது உடனே நடந்துவிடவில்லை. 1455ஐ ஒட்டி அச்சான கூட்டன்பர்க் விவிலியத்தில் பக்க எண்ணே கிடையாது. 1470இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆர்னால்ட் தெர்ஹோர்னன் அச்சிட்ட வெர்னர் ரோலவிங்கின் சிறு சமயச் சொற்பொழிவு நூலில்தான் அச்சிட்ட எண்கள் முதலில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. அவையும் ஓலையில் போலத் தாளுக்கு ஒன்றுதான். வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூட்டியஸ் 1499இல் பெரோட்டியின் ‘கார்னுகோப்பியே’ நூலைப் பதிப்பித்தபோது ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இட்டார், வரிகளுக்கும் இட்டார். சொல்லடைவில் ஒரு சொல்லைக் கண்டவர் பக்கத்தையும் வரியையும் நேராகத் தொட முடிந்தது.

தமிழ் எழுத்தில் முதலில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதன் 16 பக்கங்கள் பிற்கால அச்சகக் கணக்கில் சரியாக ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் பலவற்றில் பக்க எண்கள் தமிழ் எண்களே. க, உ, எ, அ ஆகிய எழுத்துகளின் வடிவமே ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு ஆகிய எண்களின் வடிவமும். பழகாத கண்ணுக்கு எட்டாம் பக்கத்தின் தலையில் தனியே ஓர் ‘அ’ நிற்பது போலத் தோன்றும். பிறகு 1, 2, 3 என்ற எண்கள் மெல்ல அந்த இடத்தைப் பிடித்தன.

ஒரே நூலுக்குள் இரண்டு எண் வரிசைகள் வந்ததற்குக் காரணம் பாரம் அச்சாகும் முறை. 16 பக்கப் பாரத்தில் தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்களும், மறுபுறத்தில் மற்ற எட்டும் அமையும். மடிப்பில் ஒட்டி நிற்கும் இரு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17. ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு, எட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது. மடித்து வெட்டிய பிறகுதான் அவை வரிசைக்கு வரும். பக்க எண் வாசகருக்கு மட்டுமல்ல, அச்சுக்கோப்பவருக்கும் பைண்டருக்கும் உதவியது.

நூலின் முதல் பாரம் அச்சானதும் அதன் ஈய எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிடுவார்கள், அடுத்த பாரத்துக்கு அவை வேண்டும். அந்தத் தாள்களில் 1 முதல் 16 வரை எண்கள் பதிந்துவிட்டன, இனி மாற்ற வழியில்லை. முன்னுரையோ பெரும்பாலும் நூல் முழுதும் அச்சான பிறகே வந்து சேரும். பொருளடக்கத்தைக் கடைசிப் பக்க எண் தெரியாமல் கோக்கவே முடியாது. இப்படிப் பிந்தி வந்து முன்னால் நிற்க வேண்டிய பக்கங்களுக்குத் தனி எண் வரிசை தேவைப்பட்டது. ரோமன் சிற்றெழுத்து எண்களை அதற்கு ஒதுக்கிக்கொண்டார்கள். அறிவார்ந்த ஏற்பாடு இது. முன்னுரை நான்கு பக்கமானாலும் நாற்பது பக்கமானாலும் நூலின் முதல் பக்கம் முதல் பக்கமாகவே இருக்கும்.

தட்டச்சுப்பொறி இந்த மரபை ஆய்வேடுகளுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தாளிலும் எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். நடுவில் ஒரு தாள் சேர்ந்தால் 24க்குப் பின் ‘24அ’ என்று அடித்துச் சமாளித்தார்கள்.

எண்ணைப் பொறியே இடும் வேலை கணினியோடு வந்தது. ஜெரோம் சால்ட்சர் 1964இல் எழுதிய ‘ரன்ஆஃப்’ நிரலில், புள்ளியில் தொடங்கும் வரி அச்சாகாது, அது கட்டளை. 1978இல் வந்த வேர்ட்ஸ்டாரும் அதே வழக்கத்தைக் கையாண்டது. புள்ளி வைத்து ‘பிஎன்’ என்ற ஈரெழுத்தையும் ஓர் எண்ணையும் அடித்தால் பக்க எண் அதிலிருந்து தொடங்கும். புள்ளிக்குப் பின் ‘ஓபி’ என்று அடித்தால் எண் அச்சாகாது. தம் நூலின் அச்சுப்படி தரம் குறைந்து வந்ததைக் கண்டு டொனால்ட் க்னூத் உருவாக்கிய டெக் மென்பொருளில் முன்பக்கச் சிக்கலுக்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. பக்க எண் எதிர்மறையாக இருந்தால் அது ரோமன் எண்ணாக அச்சாகும்; ‘-1’ முதல் முன்பக்கம், ‘-2’ இரண்டாவது.

1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த பேஜ்மேக்கரை உருவாக்கிய நிறுவனம் ஆல்டஸ் மனூட்டியஸின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. பின்னாளில் தமிழ்நாட்டின் டிடிபி கூடங்களில் நூல் வடிவமைப்பு என்றாலே பேஜ்மேக்கர் என்றாயிற்று. அதில் மாஸ்டர் பேஜில் ஒரு குறியை ஒரே முறை வைத்தால் போதும், எல்லாப் பக்கங்களும் தம் எண்ணைத் தாமே எழுதிக்கொள்ளும். முன்பக்கங்களைப் பலர் தனிக் கோப்பாகவே வைத்துக்கொண்டார்கள். தனிப் பாரமாக அச்சிட்ட பழைய பழக்கத்தின் தொடர்ச்சி அது.

1983இல் வந்த மைக்ரோசாஃப்ட் வேர்ட், பின்னர் அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நிலைபெற்றது. அதில் பாரத்தின் இடத்தில் நிற்பது ‘செக்ஷன்’. பன்னிரண்டு முன்பக்கங்கள் உள்ள ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் பக்கத்தின் முடிவில் சாதாரணப் பக்க முறிவு போதாது. அடுத்த பக்கத்தில் தொடங்கும் செக்ஷன் பிரேக் வேண்டும். பிறகு முதல் செக்ஷனில் எண்ணின் வடிவத்தை ரோமன் ஆக்க வேண்டும், இரண்டாம் செக்ஷனில் 1, 2, 3 என்ற வடிவத்தைத் தேர்ந்து, 1இலிருந்து தொடங்கும்படி சொல்ல வேண்டும். பலர் தடுமாறுவது ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்ற இணைப்பில். அது ஹெட்டரிலும் ஃபுட்டரிலும் உள்ளதை முந்தைய செக்ஷனிலிருந்து அப்படியே எடுக்கிறது, அவ்வளவுதான். எண்ணின் வடிவமும் தொடக்கமும் செக்ஷனுக்கே உரிய பண்புகள், இணைப்பு அவற்றைத் தொடாது. எண் நிற்கும் இடம் மாற வேண்டும், அல்லது ஒரு பகுதியில் எண்ணே கூடாது என்றால் மட்டும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காமல் ஓரிடத்தில் எண்ணை அழித்தால் மற்ற இடத்திலும் அது மறைந்துவிடும். தலைப்புப் பக்கத்தில் மட்டும் எண்ணை மறைக்கப் புதிய செக்ஷனே வேண்டாம். முதல் பக்கத்துக்கு வேறு ஃபுட்டர் என்ற தேர்வு போதும்.

லிப்ரேஆஃபிஸ் ரைட்டர் இதைப் பக்கப் பாணிகளால் செய்கிறது. முன்பக்கத்துக்கு ஒரு பாணி, நூலுக்கு ஒரு பாணி. பக்க முறிவைச் செருகும்போதே அடுத்த பாணியையும் தொடங்கும் எண்ணையும் சொல்லிவிடலாம். ஒற்றைப்படை எண் வலப்பக்கத்தில்தான் வர வேண்டும் என்ற அச்சு மரபை அது விடாமல் காக்கிறது. 1ஆம் பக்கம் இடப்புறத்தில் விழ நேர்ந்தால், நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் தானே சேர்த்துவிடும்.

இரண்டு கணக்குகளும் மீண்டும் மோதிக்கொண்ட இடம் பிடிஎஃப். பன்னிரண்டு முன்பக்கங்கள் உள்ள நூலில் ‘பக்கம் 1’ என்று தேடினால் அட்டையோ தலைப்புப் பக்கமோ வரும். நூலின் முதல் பக்கம் கோப்பில் 13ஆவது பக்கம். பிடிஎஃப் 1.3 பதிப்பிலிருந்து கோப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அச்சுப் பக்கத்தின் எண்ணையே பெயராகச் சூட்ட முடிகிறது. எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமே மாறிவிடும் ஈபப் மின்னூலுக்குள்ளும், அச்சுப் பதிப்பின் பக்கம் ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலைச் சேர்த்துவைக்கலாம்.