குரூசர் மரபின் ஆவடி வாரிசு: விஜயந்தா டாங்கி, ஒரு மறுமதிப்பீடு

பிரிட்டிஷ் குரூசர் டாங்கியின் வரலாறு 1945-ல் முடிந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால், கவசத்தைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டும் அதன் அடிப்படைக் கணக்கு 1965-ல் சென்னையை அடுத்த ஆவடியில் விஜயந்தாவாக மறுபடி உயிர்பெற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1930-களில் பிரிட்டன் தன் டாங்கிகளை இரு வகையாகப் பிரித்தது. காலாட்படையோடு மெல்ல நகரும் கனத்த வகை ஒன்று. எதிரியின் அணியைப் பிளந்து விரையும் குரூசர் மற்றொன்று. 1941-ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இறங்கிய குரூசேடர் டாங்கியில் இவ்வகையின் குறைகள் வெளிப்பட்டன. கவசம் மெல்லியது, பீரங்கி வெறும் 40 மி.மீ., முதல் உலகப் போர்க்கால விமான எஞ்சினின் வழிவந்த அதன் எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்போ மணலில் அடிக்கடி பழுதானது. 1943-ல் கனரகக் குரூசராகத் திட்டமிடப்பட்ட சென்சூரியன் இக்குறைகளைக் களைந்தது. ஆனால், அதன் ஆறு முன்மாதிரிகள் 1945 மே மாதம் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தபோது போர் ஓய்ந்திருந்தது. பின்னர் அதன் எடை 51 டன் வரை ஏறியது.

அந்தச் சென்சூரியன் இந்தியாவுக்காகப் போரிட்ட முக்கியக் களங்களுள் ஒன்று, 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடனான போரில் பஞ்சாபில் நடந்த அசல் உத்தர் சண்டை. கால்வாயை உடைத்து வயல்களில் நீரைப் பாய்ச்சிவிட்டு, இந்தியாவின் மூன்றாவது கேவல்ரி படைப்பிரிவின் டாங்கிகள் கரும்புத் தோட்டங்களில் மறைந்து நின்றன. அடைமழைக்குப் பின் கரிசல் மண்ணில் இறங்கிய பார வண்டி போலப் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. அங்கே வென்றது வேகமன்று. இடத்தேர்வும் குறி தவறாத முதல் குண்டும்தான்.

விஜயந்தாவுக்காகப் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் 1961-லேயே கையெழுத்தாகிவிட்டது. எனவே, அசல் உத்தரின் பாடம் அதன் வடிவமைப்பில் இடம்பெற வழியில்லை. சென்சூரியனின் எஞ்சின் ஆற்றல் 650 குதிரைத்திறன். விஜயந்தாவின் லேலண்ட் எல்60 எஞ்சினுக்கும் அதே 650. ஆனால், விஜயந்தாவின் எடை சுமார் 39 டன்தான். ஆகவே, டன்னுக்குச் சுமார் 13 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 17 கிடைத்தது. வேகமும் மணிக்கு 35 கி.மீ.யிலிருந்து 48-க்கு உயர்ந்தது. இதற்குக் கொடுத்த விலை கவசம். சென்சூரியன் கோபுரத்தின் முகப்பு 152 மி.மீ.; விஜயந்தாவின் மிகக் கனத்த கவசமே 80 மி.மீ. இது அப்பட்டமான குரூசர் கணக்கு.

எல்60-இன் ஓயாத கோளாறுகளையும் மெல்லிய கவசத்தையும் சுட்டி விஜயந்தாவைத் தோல்வி என்போர் உண்டு. அக்குறைகள் உண்மையானவை; குரூசேடரிடமிருந்து வந்த பரம்பரை நோய்கள் என்றே அவற்றைச் சொல்லலாம். ஆனால், குரூசேடருக்கு வாய்க்காத ஒன்று விஜயந்தாவிடம் இருந்தது: அக்காலத்தின் மிகச் சிறந்த டாங்கிப் பீரங்கிகளுள் ஒன்றான 105 மி.மீ. எல்7. மறைந்திருந்து முதல் குண்டைச் சுடும் அசல் உத்தர் முறைக்கு இது மிகவும் பொருந்தும். போருக்கு முன்பே எடுத்த முடிவு போரின் பாடத்தோடு இந்த ஒரு புள்ளியில் ஒத்துப்போனது.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தாவில் தொழில் பழகி, பிறகு அஜேயா, அர்ஜுன் டாங்கிகளையும் செய்தது. விஜயந்தாவின் உடற்பகுதிமேல் 130 மி.மீ. பீரங்கி ஏறி ‘கேட்டபல்ட்’ என்னும் நகரும் பீரங்கி ஆனது. குரூசர் வரலாற்றை எழுதுவோர் ஆவடிக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியாக வேண்டும். விஜயந்தாவின் போர்க்களத் தகுதியோடு அது வளர்த்த உற்பத்தித் திறனும் அதில் எடைபோடப்பட வேண்டும்.